மூன்று திரைக்கு ஒரு கல்யாண மண்டபம்

நான் சொன்னதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தப்பா இருக்கான்னு நீங்களே சொல்லுங்க அக்கா. கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து பார்க்கிறீங்க, இந்தப் பிள்ளை என்ன தானா உதட்டை அசைச்சுக்கிட்டு வருதுன்னு. பைத்தியமெல்லாம் இல்லை. வாதாடிக்கிட்டு வர்றேன். எதிராளி பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கா போறேன்னு கேட்டீங்களே. பரீட்சை முடிஞ்சாச்சு. எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் வைவா செவ்வாய்க்கிழமை நடந்தது. இன்னைக்கு மூணு மணிக்குள் காலேஜில் நான் ஒரு காகிதம் கொடுக்கணும். கொடுத்தால் கூடப் படிக்கிற டிக்சன் திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேருவான். கொடுக்காவிட்டால் சேர முடியாது. ஒருத்தன் வேலை என் ஒருத்தி கையெழுத்தில் தொங்குதுன்னு எல்லாருமாச் சேர்ந்து சொல்றாங்க. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க. நான் பேசுறேன். முதலிலிருந்தே பேசுறேன். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே.

எங்கள் டீமில் மூணு பேர். நான் செண்பகவல்லி. தூத்துக்குடி டிக்சன். மேலப்பாளையம் நஸ்ரின். ப்ராஜெக்ட் யோசனை என்னுடையது, இதை மட்டும் மறந்துடாதீங்க. அவங்க ரெண்டு பேரும் வீட்டிலிருந்து வந்து போறவங்க. லேடீஸ் ஹாஸ்டலில் கிடந்து வேகிறவள் நான்தான். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும்னா அவுட்பாஸ் வேணும். ஒரு துண்டுச் சீட்டு. அதில் கிளாஸ் அட்வைசர் கையெழுத்து, ஹெச்.ஓ.டி. கையெழுத்து, கடைசியா வார்டன் ஜெயசீலி மேடம். மேடம் மூணரைக்குத்தான் வந்து உட்காருவாங்க. எண்பது பிள்ளைகள் வரிசையில் நிக்கும். ஒவ்வொருத்தி அம்மாவுக்கும் போன் போட்டு, "உங்க மக இன்னைக்கு வர்றது தெரியுமா?"ன்னு கேட்பாங்க. ஒரு அம்மா போனை எடுக்கலைன்னா மொத்த வரிசையும் நின்னு போகும். "ஏட்டி, யாரு அம்மைட்டி அது? அடுப்புல என்னத்தைப் போட்டிருக்கா?"ன்னு பின்னாலிருந்து சத்தம் வரும். அதுக்குள் நாலு பத்துக்குக் கிளம்புற ஊர் பஸ் போயிடும். ரெண்டு வருஷத்தில் அந்த பஸ்ஸில் நான் ஏறினது நாலே தடவை.

அதனால்தான் சொன்னேன், இதையே ப்ராஜெக்டா செய்வோம்னு. பிள்ளை போனில் ஒரு பட்டனை அமுக்கணும். அம்மாவுக்கு மெசேஜ் போகணும். அம்மா சரின்னு சொன்னதும் வார்டன் திரையில் பேர் வரணும். வார்டன் அமுக்கினதும் கேட்டில் வாட்ச்மேன் திரையில் வரணும். மூணு திரை. மூணே மூணு. இந்த மூணை மனசில் வச்சுக்கோங்க, என் கேஸே அதில்தான் இருக்கு.

இந்த மாதிரி வலைப்பக்கம், அமுக்கும்போதெல்லாம் வெள்ளையா முழிச்சுட்டுத் திரும்பி வராமல், இருந்த இடத்திலேயே சட்சட்டுன்னு மாறணும்னா, எல்லாத்தையும் நாமே அடியிலிருந்து எழுதிக்கிட்டு இருக்க முடியாது. ஏற்கெனவே ஒருத்தர் கட்டி வச்ச கட்டடத்துக்குள் உட்கார்ந்து எழுதணும். அதுக்குப் பேர் ஃபிரேம்வொர்க். கல்யாண மண்டபம்னு வச்சுக்கோங்களேன். ஆங்குலர்னு ஒரு மண்டபம். பெரிசு. மேடை, பந்திக் கூடம், பாத்திரம், பரிமாறுகிற ஆள் எல்லாம் அவங்களோடது. வசதிதான். ஆனால் அவங்க முறைப்படிதான் எல்லாம் நடக்கணும். ரியாக்ட்னு இன்னொண்ணு. அது வெறும் கூடம் மாதிரி. வேணுங்கிறதை நாம கொண்டுபோய் வச்சுக்கலாம், வேண்டாததை யாரும் நம்ம தலையில் கட்ட மாட்டாங்க. ரெண்டுமே நல்ல சாமான்தான், நான் இல்லைன்னே சொல்லலை. ஆனா மூணு திரை, அக்கா! முப்பது பேர் வர்ற வளைகாப்புக்கு ஆயிரம் பேர் மண்டபமா?

இதைத்தான் டிக்சனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதிலைக் கேளுங்க.

"எனக்கு ஆங்குலர் தெரியும் செண்பகா. லீவுல ஒரு கோர்ஸ் முடிச்சேன். தெரிஞ்சதுல செஞ்சுட்டுப் போவோமே."

"தெரியும்ங்கிறது ஒரு காரணமா? தெரிஞ்சதை மட்டும்தான் செய்வேன்னா காலேஜுக்கு எதுக்கு வந்த?"

"டிகிரி வாங்க."

இப்படிப் பேசுறவனிடம் என்னத்தைப் பேச? ஆனாலும் பேசினேன். நஸ்ரினைக் கேட்டால் அவள், "எதுனாலும் எனக்குச் சரிதான். சீக்கிரமா ஒண்ணைச் சொல்லுங்க. ஆறு மணிக்கு மேல லேப்ல இருந்தா எங்க வாப்பா கேட்டுக்கு வந்து நிப்பாவ"ன்னு சொன்னாள். கொள்கைப் பிரச்சினையில் வாப்பா எங்கே வந்தார் சொல்லுங்க.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம் இருக்கு. ப்ராஜெக்ட் தலைப்பு ஒரு பெரிய ரிஜிஸ்டரில் ஏறணும். தலைப்பில் என்ன செய்யப் போறோம்னு மட்டும் இருந்தால் பத்தாது. கடைசியில் 'யூசிங்'னு போட்டு, எதை வச்சுச் செய்யப் போறோமோ அந்தப் பேரும் இருக்கணும். பேர் இல்லைன்னா கமிட்டி தலைப்பையே ஏத்துக்காது. எங்களுக்கு கைடு ஞானதுரை சார். அவர்தான் சொன்னார், "யூசிங்குக்குப் பிறகு எதையாவது எழுதுங்கப்பா, நாளைக்குக் கடைசி நாள்." அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். இவங்க ரெண்டு பேரும் போய் ஆங்குலர்னு எழுதிட்டாங்க. படுத்துக் கிடக்கிறவளை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் இல்லையா? போட்டாங்களாம். நான் எடுத்து முக்கால் மணி நேரம் பேசினேனாம். ரெண்டு பக்க நியாயத்தையும் சொன்னேனாம். முடிவை மட்டும் சொல்லலையாம். அதுக்குள் ஆபீஸைப் பூட்டுகிற நேரம் ஆயிட்டதாம். காய்ச்சல்காரி பேச்சில் முடிவு வரலைன்னா ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?

விடலை நான். தலைப்பு மாத்துறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. காரணம்னு போட்டு ஒரு கோடு விட்டிருப்பாங்க. ஒரு கோட்டில் எந்த நியாயத்தைச் சொல்ல முடியும்? 'இணைப்பைப் பார்க்க'ன்னு எழுதி, பதினாலு பக்கம் சேர்த்துக் கொடுத்தேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு ஓர் அட்டவணை, முப்பத்தியொரு வரி. முதலில் எது சீக்கிரம் திறக்குது, பழைய போனில் எப்படி, சிக்னல் இல்லாத இடத்தில் எப்படி, கத்துக்க எத்தனை நாள், பத்து வருஷம் கழிச்சு இருக்குமா இருக்காதா, ஒவ்வொண்ணுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. அக்கா, அந்த அட்டவணையை நீங்க பார்த்தீங்கன்னா கம்ப்யூட்டரே தெரியாதவங்களுக்கும் புரியும். ஹெச்.ஓ.டி. அதைத் தூக்கிப் பார்த்தார். படிக்கலை. கையில் வச்சு எடை பார்த்தார். "ரிஜிஸ்டர்ல ஏறின டைட்டில் பிறந்த தேதி மாதிரிம்மா. பிடிக்கலைன்னு மாத்த முடியாது."

ரெண்டாவது தடவை இருபத்திரண்டு பக்கமாக்கிக் கொடுத்தேன். அதுக்கும் அதே பதில். கிளாஸில் வாக்கெடுப்பு வச்சேன். நாற்பத்தியொரு பேரில் ஒன்பது பேர் வாக்களிச்சாங்க, ஆறு பேர் என் பக்கம். மீதிப் பேருக்கு அக்கறை இல்லை. இந்த நாடு இப்படி இருக்கிறதுக்குக் காரணமே அதுதான்.

இப்படியே டிசம்பர் போச்சு, ஜனவரி போச்சு. பிப்ரவரி நடுவில்தான் கவனிச்சேன், டீம் மீட்டிங்கே நடக்கலை. கேட்டால் டிக்சன், "இன்னைக்கு மீட்டிங் இல்லை செண்பகா." மறுநாள், "இன்னைக்கும் இல்லை." ஒருநாள் கேண்டீனுக்குப் பின்னால் இருக்கிற படியில் ரெண்டு பேரும் லேப்டாப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. எட்டிப் பார்க்கிறேன், வார்டன் திரை ஓடுது! எனக்குச் சொல்லாமல்! என் யோசனை, என் ஹாஸ்டல், என் வார்டன்!

"முடிவாகாமலே ஆரம்பிச்சுட்டீங்களா?"ன்னு கேட்டேன்.

நஸ்ரின் திரையிலிருந்து தலையை எடுக்காமல், "முடிவாகட்டும்னு இருந்தா பேரப்பிள்ளைதான் எழுதணும்"ன்னாள்.

டிக்சன்தான் சமாதானம் பேசினான். "நீ ரிப்போர்ட் எழுது செண்பகா. உன்னை மாதிரி இங்க யாருக்கும் எழுத வராது." ஓரங்கட்டுறதுக்கு எத்தனை மரியாதையான வழி பாருங்க. எழுதினேன். நூத்திப் பன்னிரண்டு பக்கம். அதில் மூணாவது அத்தியாயம் முழுக்க என் ஒப்பீடு. 'இத்திட்டத்துக்கு ரியாக்டே பொருத்தம்'னு முடிச்சேன். நாலாவது அத்தியாயம், 'ஆங்குலரில் இதை எவ்வாறு செய்தோம்'. அவங்க படிச்சுப் பார்க்கலை. ஞானதுரை சாரும் படிக்கலை, அட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தங்க எழுத்து அச்சோட பைண்டிங் ஆகி வந்தது.

கயத்தாறு வந்திருச்சு. தண்ணி வேணுமா அக்கா? என்கிட்ட இருக்கு, எடுத்துக்கோங்க.

நடுவில் நல்லதும் நடந்தது, நான் மறைக்க மாட்டேன். ஏப்ரலில் ஜெயசீலி மேடம் ஒரு வாரம் சோதனைக்கு விட்டுப் பார்த்தாங்க. அந்த வெள்ளிக்கிழமை எண்பத்து மூணு பிள்ளைகளுக்கும் அவுட்பாஸ் கிடைச்சது. வரிசையே இல்லை. மேடம் அறை வாசலில் ஈ காக்கா இல்லை. மேடமே வெளியில் வந்து பார்த்து, "எங்க எல்லாரும்? யாரும் ஊருக்குப் போகலையா?"ன்னு பயந்துட்டாங்க. பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. நானும்தான். நாலு பத்து பஸ், ஜன்னலோர சீட்டு. ஆனா ஒண்ணு, என் போனில் அந்தப் பக்கம் திறக்கப் பதினோரு விநாடி ஆச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். பஸ்ஸிலிருந்தே நஸ்ரினுக்கு எழுதினேன், பதினொண்ணுன்னு. அவள் ரெண்டு நாள் உட்கார்ந்து ஏழாக்கினாள். ஏழுன்னா என்ன? ஏழும் அதிகம்தானே?

இப்போ செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன்.

வைவாவில் கேள்வி கேட்டு மார்க் போட எக்ஸ்டர்னல் வேறொரு காலேஜிலிருந்து வந்திருந்தார். காலையிலிருந்து பன்னிரண்டு டீமைப் பார்த்து அலுத்துப்போன முகம். டிக்சன் எல்லாத்தையும் ஓட்டிக் காட்டினான். நல்லாத்தான் ஓடிச்சு. அவர் கொட்டாவியை அடக்கிக்கிட்டு, பேனா மூடியைத் திறந்துட்டார், மார்க் போட. போடுறதுக்கு முன்னால் சும்மா, வாய் வார்த்தைக்கு, "ஏன்ப்பா ஆங்குலர்?"ன்னார்.

ஞானதுரை சார் இதுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். 'பிற்காலத்தில் பெரிதாக்க வசதியாக இருக்கும் சார்'னு. டிக்சன் வாயைத் திறந்தான். ஆனா அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், அக்கா. என்னைப் பார்த்து. நஸ்ரின் மேசைக்கு அடியில் என் காலை மிதிச்சாள். நல்லா மிதிச்சாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லணுமா வேண்டாமா? அதுக்குத்தானே வைவா?

இருபது நிமிஷம் பேசினேன். ஒரு தாளைப் பார்க்கலை. முப்பத்தியொரு வரியும் வாயில் வந்தது. பதினோரு விநாடியைச் சொன்னேன். மண்டபத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கிட்டார். மூணாம் அத்தியாயத்தைப் புரட்டினார். ரெண்டு இடத்தில் எதிர்க்கேள்வி கேட்டார், ரெண்டையும் உடைச்சேன். அந்த வருஷத்தில் நான் சொன்னதை முழுசாக் கேட்ட ஒரே மனுஷர். கடைசியில் எழுந்து எனக்குக் கை கொடுத்தார். "எக்ஸலன்ட்மா. ரொம்பத் தெளிவா இருக்கு. அப்போ உங்க டீம் ரிப்போர்ட்டே இது தவறான தேர்வுன்னு சொல்லுது. தெரிஞ்சே தவறானதுல செஞ்சிருக்கீங்க. இதை நான் எப்படிப் பாஸ் பண்ணுறது? சரியானதுல திரும்பச் செஞ்சுட்டு ஜூலையில சப்ளிமெண்டரிக்கு வாங்க"ன்னு எழுதி, மூடியை மூடிட்டார்.

எனக்கு முதலில் சந்தோஷமாத்தான் இருந்தது. உண்மையைச் சொல்றேன். என் இத்தனை மாச வாதத்துக்குத் தீர்ப்பு கிடைச்சது இல்லையா? திரும்பி இவங்களைப் பார்த்துச் சிரிச்சேன்.

டிக்சன் லேப்டாப்பை மூடிப் பையில் வச்சான். வெளியில் வந்ததும், "ஜெயிச்சுட்டல்லா?"ன்னான். அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடை பக்கத்தில் போய்ச் சுவர்ப்பக்கமாத் திரும்பி நின்னுட்டான். அப்புறம்தான் எனக்கு அந்த வேலை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை சேரணும், படிப்பு முடிச்ச சான்றிதழ் கொண்டு போகணும், இல்லைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. நான் மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். அந்த இருபது நிமிஷத்தில் அது வரலை, அவ்வளவுதான். விவாதத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லையே.

நேத்து சாயங்காலம் ஞானதுரை சார் போன் போட்டார். எக்ஸ்டர்னல்கிட்ட கெஞ்சிப் பேசி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கார். 'வைவாவில் நான் கூறியது டீமின் கருத்தன்று. என் தனிப்பட்ட, தவறான கருத்து'ன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை வச்சு மூணு பேருக்கும் மார்க் போட்டுருவார். நாலு மணிக்கு மார்க் எல்லாம் யுனிவர்சிட்டிக்கு ஏறிடும்.

"சார், அது தவறான கருத்து இல்லைன்னு உங்களுக்கே தெரியும்ல?"

"தெரியும்மா. அதனால என்ன?"

அதனால என்னன்னு கேட்கிறார், அக்கா! ஒரு ஆசிரியர்!

அடுத்து நஸ்ரின். "ஒத்த வரிதானட்டி. பொய்யினாலும் போட்டுத் தொலை."

"நீ அஞ்சு வேளை தொழுகிறவ. நீயா என்னைப் பொய் எழுதச் சொல்ற?"

"அதை நான் அல்லாகிட்ட பேசிக்கிடுதேன். நீ கையெழுத்தைப் போடு."

டிக்சன் பேசவே இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு மெசேஜ் கூட இல்லை. திட்டியாவது தொலைக்கலாம். திட்டினால் பதில் சொல்லலாம். ஒண்ணுமே சொல்லாதவனிடம் எப்படிச் சண்டை போட?

காகிதம் இதோ. கோவில்பட்டியிலேயே அச்சுப் போட்டுட்டேன். இந்த இடத்தில் பாருங்க, 'தவறான'. இந்த வார்த்தைக்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. நான் சொன்னது சரி. ஒரு மனுஷனுக்கு வேலை கிடைக்கணும்ங்கிறதுக்காகச் சரி தவறாயிடுமா? சொல்லுங்க.

என்ன கேட்டீங்க?

இல்லை, கேட்டது காதில் விழுந்தது. அதில் நான் எழுதின பாகம் எதுன்னு கேட்டீங்க.

ரிப்போர்ட் எழுதினேன்னு சொன்னேனே. அட்டவணை... சரி, அந்த மூணு திரையில்னா... யோசனை என்னது. வார்டன் திரை டிக்சன் செய்தது. பிள்ளைகளோட திரையும், அம்மாவுக்கு மெசேஜ் போறதும் நஸ்ரின். கேட் திரை ரெண்டு பேரும் சேர்ந்து. ரியாக்டிலா? ரியாக்டில் 'வணக்கம்'னு ஒரு பக்கம் செய்து பார்த்தேன், எவ்வளவு சீக்கிரம் திறக்குதுன்னு அளக்கிறதுக்கு.

இல்லை. ஒரு வரி கூட எழுதலை.

அதை யாரும் என்கிட்ட கேட்கலை, அக்கா. அந்த எக்ஸ்டர்னல் கூடக் கேட்கலை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்றவள் இல்லை.

கங்கைகொண்டான் தாண்டியாச்சா?

ஒரு நிமிஷம் இருங்க. உங்ககிட்ட பேனா இருக்கா? இதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதுறேன். பஸ் குலுக்குது, பரவாயில்லை. கேளுங்க, படிக்கிறேன். 'இந்த மென்பொருளில் நான் ஒரு வரி கூட எழுதவில்லை. எழுதாமலேதான் அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். இதைச் செய்தவர்கள் டிக்சனும் நஸ்ரினும். எண்பத்து மூன்று மாணவியர் இதைப் பயன்படுத்தி அன்று நேரத்துக்கு பஸ் ஏறினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. டிக்சனும் நஸ்ரினும் செய்ததற்கு அவர்களுக்கு மதிப்பெண் வழங்க வேண்டுகிறேன்.' கையெழுத்து, செண்பகவல்லி. இதில் ஒரு பொய் இருக்கா? இருந்தால் சொல்லுங்க, வாதாடலாம்.

படம் பிடிச்சு சாருக்கு அனுப்புறேன். அவரும் முதலிலேயே பார்த்துரட்டும்.

பார்த்தீங்களா, உடனே போன். ஹலோ, சார். ஆமா சார், பஸ்ஸில்தான் இருக்கேன். ஆமா, நானேதான் எழுதினேன்... அவங்க ரெண்டு பேருக்கும் போட்டுருவாரா? அதைச் சொல்லுங்க முதலில்... உறுதியா?... எனக்குப் போட மாட்டார்னு தெரியும் சார். ஒண்ணுமே எழுதலைன்னு நானே எழுதிக் கொடுத்தால் எப்படிப் போடுவார்?... இல்லை சார், அந்தப் பழைய வரியை எழுத மாட்டேன். அது தவறில்லை... சார், நீங்க கத்தினாலும் அது தவறில்லை... சரி சார். ரெண்டரைக்கெல்லாம் வந்துருவேன்.

அடிப்பாவின்னு சொல்லி வச்சுட்டார். ஆனா பார்த்துக்கிடுங்க, 'தவறான'ங்கிற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை. கடைசி வரைக்கும் நான் விட்டுக் கொடுக்கலை.

டிக்சனுக்குச் சொல்லணுமா? சார் சொல்லுவார். நான் சொன்னால் மறுபடி ஏதாவது பேசிருவேன்.

எனக்கா? ஜூலையில்தான். தனியா. புது ப்ராஜெக்ட், புதுத் தலைப்பு, எல்லாம் நானே எழுதணும். அழலை அக்கா, ஜன்னல் காத்து. தாழையூத்து சிமெண்ட் ஆலைத் தூசி கண்ணில் விழும், எப்பவும் இப்படித்தான்.

எதில் எழுதப் போறேனா? ரியாக்டில்தான், வேறெதில்... ஆனா தனி ஆளுக்கு, எல்லாமே கையில் கொடுக்கிற மண்டபமா இருந்தால்தான் ரெண்டு மாசத்தில் முடியும்னு ஒரு பக்கம் இருக்கு. அப்படிப் பார்த்தால் ஆங்குலர்தான்... இல்லை, அதுவும் ஒரு வாதம்தானே, அதுக்கும் எதிர்வாதம் இருக்கு. நான் ஆங்குலர்னு சொன்னால், அது ஏன் ஆகாதுன்னு என்னை மாதிரி ஒருத்தி சொல்லணும். ரியாக்ட்னு சொன்னால், பேசாமல் தெரிஞ்சதில் செய்வோம்னு ஒருத்தன் இருக்கணும்.

உங்களுக்கு வண்ணார்பேட்டைதானே? இறங்குங்க அக்கா, பின்வாசல் வழியா இறங்குங்க, அங்கே கூட்டம் கம்மி. எதில்னு இன்னும் முடிவு பண்ணலை. இந்தத் தடவை என்கூடச் சண்டை போட ஆளே இல்லையே, எப்படி முடிவு பண்ணுவேன்?